நிலத்தின் வழியே ஒரு பெண்: ஆன் வாக்கரும் ஆவணங்களும்

ஆன் லிஸ்டரின் பெயர் இன்று பெண்ணிய வாசகர்களுக்குப் புதிதல்ல. இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் ஹாலிஃபாக்ஸ் நகரத்தை ஒட்டிய ஷிப்டன் ஹாலின் உரிமையாளர் அவர், பெண்களைக் காதலித்தவர். சுமார் ஐம்பது லட்சம் சொற்கள் கொண்ட நாட்குறிப்பை விட்டுச் சென்றார். அதில் ஆறில் ஒரு பங்கு சங்கேத எழுத்தில் உள்ளது. 2019இல் வந்த 'ஜென்டில்மேன் ஜாக்' தொலைக்காட்சித் தொடர் அவரை உலகெங்கும் கொண்டுசேர்த்தது. அவரோடு வாழ்ந்த, அவரைவிட வசதியான குடும்பத்திலிருந்து வந்த ஆன் வாக்கரைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? பணக்காரி, கூச்சம் மிகுந்தவர், அடிக்கடி மனம் சோர்ந்துபோகிறவர், முடிவெடுக்கத் தயங்குகிறவர். இந்தச் சித்திரம் பெரும்பாலும் ஒரே கையிலிருந்து வந்தது. அந்தக் கை லிஸ்டருடையது.

காதலியின் நாட்குறிப்பு அன்பான சாட்சியாக இருக்கலாம். நடுநிலையான சாட்சியாக இருக்க வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. லிஸ்டர் எழுதுவதில் தேர்ந்தவர். நாள்தோறும் எழுதினார். எரிச்சலையும் கணக்கையும் ஆசையையும் ஒரே பக்கத்தில் வைத்தார். அவ்வளவு செழிப்பான பிரதி கையில் இருக்கும்போது வாசகர் அதன் பார்வையைத் தன் பார்வையாக்கிக்கொள்வது எளிது. வாக்கரின் குடும்ப வரலாற்றை உள்ளூர் ஆவணங்களின் வழியே தேடுவது இந்தக் காரணத்தால்தான் முக்கியமாகிறது. அந்த ஆவணங்கள் யாரையும் காதலிக்கவில்லை. அவை நிலத்தைப் பற்றி மட்டுமே கவலைப்பட்டன. அந்தக் கவலையின் ஓரத்தில் பெண்களின் பெயர்கள் தங்கிவிட்டன.

சாவுகளால் ஆன சொத்து

வாக்கர் 1803 மே 20 அன்று ஹாலிஃபாக்ஸை அடுத்த லைட்க்ளிஃப்பில் பிறந்தார். குடும்பம் கம்பளித் துணி வியாபாரத்தில் செல்வம் சேர்த்து நிலமாக்கியது. குரோ நெஸ்ட், க்ளிஃப் ஹில் என்று பெரிய வீடுகள். சுற்றிலும் பண்ணைகள், குத்தகைதாரர்கள். 1823இல், ஒரே ஆண்டுக்குள், தந்தை ஜானும் தாய் மேரியும் இறந்தனர். சொத்தின் பெரும்பகுதி மகன் ஜானை நோக்கிப் போனது. 1830இல் அந்த ஜான் தேனிலவுப் பயணத்தின்போது நேப்பிள்ஸ் நகரத்தில் இறந்தார். அவருக்குக் குழந்தை இல்லை. எலிசபெத், ஆன் என்ற இரு சகோதரிகளும் கூட்டு வாரிசுகள் ஆனார்கள்.

பெண் ஒருத்தி பெருநில உரிமையாளராக ஆவதற்கு முன் எத்தனை ஆண்கள் இறக்க வேண்டியிருந்தது என்பதை எண்ணிப் பார்க்கலாம். ஷிப்டனிலும் இதே கதைதான். லிஸ்டரின் சகோதரர்கள் ஒருவர் பின் ஒருவராக இறந்த பிறகுதான் அவர் வாரிசாகக் கருதப்பட்டார். மணமாகாத பெரியப்பா ஜேம்ஸ் 1826இல் இறந்தபோது ஷிப்டன் அவருக்கு வந்தது. பெண்ணின் உரிமை அங்கே விதியாக வரவில்லை. ஆண் இல்லாத இடத்தை நிரப்பும் ஏற்பாடாக வந்தது. பெண் சொத்துரிமையின் முன்னோடிகள் என்று இவர்களைக் கொண்டாடுமுன் இதை நினைவில் வைப்பது நல்லது.

குடும்ப மரம் வரைகிறவர்கள் வாக்கரைப் போன்ற பெண்ணின் பெயருக்குக் கீழே ஒரு குறுங்கோடு போட்டு 'வாரிசின்றி இறந்தார்' என்று எழுதி நிறுத்திவிடுவார்கள். இரத்த உறவை மட்டும் பின்தொடரும் வரலாற்றில் பிள்ளை பெறாத பெண் ஒரு முட்டுச்சந்து. நிலத்தைப் பின்தொடர்ந்தால் நிலைமை மாறுகிறது. குத்தகை, அடமானம், பாகப்பிரிவினை, உயில், வாடகைக் கணக்கு என ஒவ்வொன்றிலும் அதே பெண் மையத்தில் நிற்கிறார். அவர் யாரைப் பெற்றார் என்று மரம் கேட்கிறது. அவர் எதை முடிவுசெய்தார் என்று பத்திரம் கேட்கிறது.

எங்கே தேடுவது

இப்படித் தேடுவதற்கு யார்க்‌ஷயரின் மேற்குப் பகுதி அபூர்வமாக வசதியான இடம். இங்கிலாந்தின் பெரும்பாலான மாவட்டங்களில் அக்காலத்தில் பத்திரப் பதிவு கிடையாது. பத்திரம் அவரவர் பெட்டியில் இருக்கும், பெட்டி தொலைந்தால் வரலாறும் தொலையும். மேற்கு ரைடிங் பகுதிக்கு 1704ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வேக்ஃபீல்டில் பதிவகம் ஒன்று அமைந்தது. துணி வியாபாரிகள் நிலத்தை ஈடுவைத்துக் கடன் வாங்கும் ஊர் அது. யாருடைய நிலம், ஏற்கெனவே அடமானத்தில் இருக்கிறதா என்று கடன் கொடுப்பவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. வில்லங்கம் பார்க்கும் அந்தத் தேவைக்காகச் சேர்ந்த பதிவுகளில்தான் இன்று நாம் பெண்களைத் தேடுகிறோம்.

இதற்கு அப்பால் வேக்ஃபீல்டு மேனர் நீதிமன்றச் சுருள்கள் இருக்கின்றன. பதின்மூன்றாம் நூற்றாண்டிலிருந்து 1925வரை நீளும் அவற்றில் நிலம் கைமாறிய கதைகள் கிடைக்கின்றன. 1858க்கு முந்தைய உயில்கள் யார்க் நகரத்தின் போர்த்விக் நிறுவனத்தில் உள்ளன. ஹாலிஃபாக்ஸில் உள்ள கால்டர்டேல் ஆவணக்காப்பகத்தில் லிஸ்டரின் நாட்குறிப்புகளோடு, குரோ நெஸ்ட் குடும்பத்தின் கடிதங்களும் பத்திரங்களும் கணக்குகளும் தனித் தொகுப்பாக இருக்கின்றன. தேவாலயப் பதிவேடுகள் பிறப்பையும் மணத்தையும் இறப்பையும் சொல்கின்றன. இவற்றில் எதுவும் பெண்களைப் பற்றி எழுதப்பட்டதல்ல. எல்லாவற்றிலும் பெண்கள் இருக்கிறார்கள்.

நாட்குறிப்பையும் எஸ்டேட் ஆவணங்களையும் ஒன்றோடொன்று உரசிப் பார்க்கும் முறைக்கு 1998இல் வெளிவந்த ஜில் லிடிங்டனின் 'ஃபீமேல் ஃபார்ச்சூன்' நூல் ஒரு நல்ல எடுத்துக்காட்டு. அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன் ஹெலினா விட்பிரெட் சங்கேதப் பகுதிகளைப் படித்துத் தொகுத்து வெளியிட்டது லிஸ்டரின் காதல்களை உலகறியச் செய்தது. லிடிங்டன் நிலத்தையும் அதிகாரத்தையும் அந்தக் காதலின் அருகில் கொண்டுவந்து வைத்தார். இரண்டும் தேவை. முதலாவதை மட்டும் படித்தால் ஷிப்டன் ஒரு காதல் மாளிகையாகத் தெரியும். இரண்டாவதையும் சேர்த்துப் படித்தால், கதவுக்கு வெளியே வாடகை கட்டக் காத்திருப்பவர்களும் தெரிவார்கள்.

இரண்டு சகோதரிகள், இரண்டு கையெழுத்துகள்

எலிசபெத் 1828இல் கேப்டன் ஜார்ஜ் மெக்கே சதர்லண்ட் என்ற ஸ்காட்லாந்துக்காரரை மணந்தார். இரண்டே ஆண்டுகளில் சகோதரர் இறந்தார். குடும்பச் சொத்தில் பாதி எலிசபெத்துக்கு வந்தது. அதாவது அதன் நிர்வாகம் கேப்டனின் கைக்கு வந்தது. அன்றைய ஆங்கிலச் சட்டத்தில் மணமான பெண் கணவனின் ஆளுமைக்குள் மறைந்துபோனவள். தனி ஏற்பாட்டுப் பத்திரம் இல்லாவிட்டால் அவளுடைய நிலத்தின் வருமானம் மணவாழ்க்கை முழுவதும் கணவனுக்குச் சேரும். அவளால் தனியாக உயில் எழுத முடியாது. பத்திரங்களில் கணவனின் பெயர் முதலில் வரும். பிறகு 'அவர் மனைவி எலிசபெத்'. நிலம் அவள் வழியாக வந்தது என்பதை அந்தச் சொற்றொடர் தலைகீழாக்கிக் காட்டும். 1833ஆம் ஆண்டின் ஒரு சட்டம், மனைவியின் நிலத்தைக் கைமாற்றும்போது அவளைக் கணவனில்லாமல் தனியே விசாரித்துச் சம்மதம் பெற வேண்டும் என்றது. வற்புறுத்தல் நடக்கும் என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்ட இடம் அது.

ஆன் மணம் செய்துகொள்ளவில்லை. அதனால் அவர் கையெழுத்து அவருடையதாகவே இருந்தது. தன் பெயரில் குத்தகை விட்டார், கடன் கொடுத்தார், வழக்காடினார். ஒரே வீட்டில் பிறந்து ஒரே சொத்தில் சமபங்கு பெற்ற இரு பெண்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், அந்தக் காலத்தில் திருமணம் என்பது சொத்தைப் பொறுத்தவரை என்ன செய்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை.

இங்கே ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். ஆண் வாரிசு இல்லாதபோது சகோதரிகள் பிரிக்கப்படாத நிலத்தைச் சேர்ந்து பெறும் நிலையை ஆங்கிலப் பொதுச்சட்டம் 'கோபார்சனரி' என்றது. பெரும்பாலும் பெண்களைக் குறிக்க வழங்கிய சொல் அது. காலனிய நீதிமன்றங்கள் அதே சொல்லை எடுத்து இந்துக் கூட்டுக்குடும்பத்தின் ஆண் பங்காளிகளுக்குச் சூட்டின. மகள் அந்த வட்டத்துக்கு வெளியே நின்றாள். தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டுத் திருத்தம் அப்போது மணமாகாதிருந்த மகள்களை உள்ளே விட்டது. 2005ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தம் எல்லா மகள்களுக்கும் அந்த இடத்தைக் கொடுத்தது. யார்க்‌ஷயரில் சகோதரிகளைக் குறித்த சொல்லுக்குள் இங்குள்ள மகள்கள் நுழைய அவ்வளவு காலம் பிடித்தது.

திருமணம், உயில், ஒரு நிபந்தனை

1834 மார்ச் 30, ஈஸ்டர் ஞாயிறு. யார்க் நகரத்தின் ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் லிஸ்டரும் வாக்கரும் சேர்ந்து திருவிருந்து பெற்றார்கள். மோதிரம் மாற்றிக்கொண்டது அதற்கு முன்பே நடந்திருந்தது. அவர்களைப் பொறுத்தவரை அது திருமணம். தேவாலயப் பதிவேட்டுக்கு அது ஒன்றுமே இல்லை. அதே ஆண்டு செப்டம்பரில் வாக்கர் ஷிப்டனுக்குக் குடிவந்தார். 1835 ஜனவரியில், 'கேப்டன் டாம் லிஸ்டர்' மிஸ் வாக்கரை மணந்ததாக ஒரு கேலி அறிவிப்பு செய்தித்தாளில் வெளிவந்தது. அவர்களுடைய மணத்துக்குக் கிடைத்த ஒரே பொது அறிவிப்பு, அவமதிக்க எழுதப்பட்டது. ஆவணக்காப்பகத்தில் தன்பாலுறவுப் பெண்களைத் தேடுகிறவர் அடிக்கடி சந்திக்கும் நிலைமை இது. நண்பர்களின் மௌனத்தைவிடப் பகைவர்களின் ஏளனம் அதிகத் தடயம் விடுகிறது.

ஆனால் சொத்து ஆவணம் மௌனமாக இல்லை. லிஸ்டர் 1836இல் எழுதிய உயிலில் ஷிப்டனின் ஆயுட்கால அனுபவ உரிமையை வாக்கருக்குக் கொடுத்தார். கணவன் மனைவிக்குச் செய்யும் ஏற்பாடு எப்படியோ அப்படியே இது அமைந்தது. நிபந்தனையும் அப்படியே: வாக்கர் மணம் செய்துகொண்டால் உரிமை போய்விடும். விதவை மறுமணம் செய்தால் சொத்தை இழப்பாள் என்ற ஆணாதிக்க வழக்கம் இரண்டு பெண்களின் வாழ்க்கைக்குள் அச்சுமாறாமல் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதை எழுதியவர் பெண் என்பதால் மட்டும் அது விடுதலைப் பத்திரம் ஆகிவிடாது. சட்டம் மறுத்த உறவைச் சட்டத்தின் மொழியாலேயே எழுதிவைத்தார் லிஸ்டர் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மையான வாசிப்பு.

கிணற்றில் தார்

நிலவுடைமைப் பெண்களைப் பற்றி எழுதும்போது பெண்ணியம் ஒரு சோதனைக்கு உள்ளாகிறது. நமக்குப் பிடித்த பெண் பிறருக்கு எசமானியாகவும் இருந்தால் என்ன செய்வது?

1832ஆம் ஆண்டின் சீர்திருத்தச் சட்டம் வாக்காளர் 'ஆண்' என்று வெளிப்படையாக எழுதியது. லிஸ்டருக்கும் வாக்கருக்கும் வாக்கு இல்லை. அவர்களுடைய குத்தகைதாரர்கள் பலருக்கு இருந்தது. ரகசிய வாக்கெடுப்பு 1872வரை வரவில்லை. யார் யாருக்கு வாக்களித்தார் என்பது பட்டியலாக அச்சிடப்பட்டது. தங்கள் குத்தகைதாரர்கள் டோரி வேட்பாளருக்கு வாக்களிக்க வேண்டும் என்று இரு பெண்களும் அழுத்தம் கொடுத்தார்கள். 1835இல் ஹாலிஃபாக்ஸில் டோரி வேட்பாளர் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் வென்றார். வாக்கு மறுக்கப்பட்ட பெண்கள் பிறர் வாக்குகளின்மேல் அதிகாரம் செலுத்தினார்கள்.

அடுத்து ஒரு கிணற்றுத் தகராறு. வாக்கரின் நிலத்தில் இருந்த கிணற்றை அப்பகுதி மக்கள் பொதுக் கிணறு என்று கருதிப் புழங்கிவந்தார்கள். தனிச்சொத்து என்று நிலைநாட்ட அதில் தார் கலக்கப்பட்டது. கோபமுற்ற மக்கள் 1836இல் இருவரின் உருவபொம்மைகளையும் எரித்தார்கள். இதைத் தன்பாலுறவுக்கு எதிரான வெறுப்பு என்று மட்டும் படிக்கலாம். அந்த வெறுப்பும் அங்கே கலந்திருக்கக்கூடும். ஆனால் தண்ணீர் எடுக்கக் கிணற்றுக்கு யார் போவார்கள் என்று கேட்டால், பெண்களுக்கும் பெண்களுக்கும் இடையே நடந்த சண்டை ஒன்று தென்படுகிறது. குடம் ஏந்தியவர்களின் பெயர்கள் எந்தப் பத்திரத்திலும் இல்லை.

நிலக்கரியும் அப்படித்தான். லிஸ்டர் தன் நிலத்தில் தோண்டிய சுரங்கங்களில் ஒன்றுக்கு 'வாக்கர் பிட்' என்று பெயர். நிலவுடைமைப் பெண்ணின் பெயர் சுரங்கத்துக்கு வந்தது. சுரங்கத்தில் உழைத்த பெண்ணின் பெயரைத் தேட வேறு ஆவணத்துக்குப் போக வேண்டும். 1842இல் வெளியான குழந்தைத் தொழிலாளர் விசாரணை அறிக்கையில் ஹாலிஃபாக்ஸின் வேறொரு சுரங்கத்தில் நிலக்கரி வண்டி தள்ளிய 17 வயதுப் பேஷன்ஸ் கெர்ஷா தன் வேலையை விவரித்திருக்கிறார். அரசு கேள்வி கேட்க வந்ததால் மட்டுமே அவர் பெயர் பிழைத்தது. வாக்கரின் குடும்ப வரலாற்றை முழுமையாக எழுத நினைப்பவர் இந்த அறிக்கையையும் மேசையில் வைத்துக்கொள்ள வேண்டும். குரோ நெஸ்ட் பத்திரமும் கெர்ஷாவின் வாக்குமூலமும் ஒரே ஊரின் இரண்டு பக்கங்கள்.

1843: ஆவணம் எதிராளியாகும்போது

1840 செப்டம்பர் 22 அன்று, காகசஸ் மலைப்பகுதியில், குட்டாய்சி என்னும் ஊரில் லிஸ்டர் காய்ச்சலில் இறந்தார். வாக்கர் உடன் இருந்தார். ரஷ்யப் பேரரசின் அந்தத் தொலைவான மூலையிலிருந்து உடலை ஊர் கொண்டுவந்து சேர்த்து, 1841 ஏப்ரலில் ஹாலிஃபாக்ஸ் தேவாலயத்தில் அடக்கம் செய்தார். முடிவெடுக்கத் தயங்குகிறவர் என்ற சித்திரத்தை இந்தப் பயணத்தின் அருகில் வைத்துப் பாருங்கள்.

1843 செப்டம்பரில் ஷிப்டன் ஹாலில் ஓர் அறையின் கதவு பெயர்த்துத் திறக்கப்பட்டது. வழக்கறிஞர் ராபர்ட் பார்க்கரும் காவலரும் உள்ளே சென்றார்கள். அழுக்கு, சிதறிய காகிதங்கள், கைத்துப்பாக்கிகள் என்று அந்த அறையைப் பற்றிய விவரிப்பு பார்க்கருடையது. வாக்கர் யார்க் அருகே ஆஸ்பால்ட்விக்கில் இருந்த மனநலக் காப்பகத்துக்குக் கொண்டுபோகப்பட்டார். விசாரணை நடந்து, மனநிலை தவறியவர் என்று அறிவிக்கப்பட்டார். சதர்லண்ட் குடும்பம் ஷிப்டனுக்குக் குடிவந்தது.

பார்க்கரின் விவரிப்பு வாக்கரைப் பற்றிய எழுத்துகளில் திரும்பத் திரும்ப வருகிறது. அந்த அறை எப்படி இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் அதை எழுதியவர், கதவைப் பெயர்த்ததற்குக் காரணம் காட்ட வேண்டிய நிலையில் இருந்தவர். குடும்பத்தின் சொத்து நலன் அந்தச் செயலின் பின்னால் இருந்தது. ஆவணத்தை எழுதியவருக்கு அதனால் என்ன லாபம் என்று கேட்பது வாசிப்பின் பாலபாடம். உயிலையும் குத்தகையையும் வாசிக்கும்போது கேட்கும் அதே கேள்வியைப் பைத்தியம் என்ற சான்றிதழிடமும் கேட்க வேண்டும்.

மறுபக்கமும் உண்டு. 1843க்குப் பல ஆண்டுகள் முன்பே வாக்கர் கடும் மனத்துயரத்துக்கு ஆளானவர், மருத்துவம் பெற்றவர். சொத்துக்காகப் பைத்தியம் என்று பொய்யாகப் பட்டம் கட்டினார்கள் என்று எளிதாக முடித்துவிட்டால், அவர் பட்ட துன்பத்தை நாம் அழித்துவிடுவோம். நோயும் இருந்திருக்கலாம், அந்த நோயைச் சாக்காக வைத்து அவர் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கியதும் நடந்திருக்கலாம். ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்காது.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. ஷிப்டனின் ஆயுட்கால உரிமை அவரிடமிருந்து சட்டப்படி போகவில்லை. 1854 பிப்ரவரி 25 அன்று அவர் க்ளிஃப் ஹில்லில் இறந்த பிறகுதான் அது லிஸ்டர் குடும்பத்தின் வேல்ஸ் கிளைக்குச் சென்றது. காகிதத்தில் பதினான்கு ஆண்டுகள் அவர் உரிமையாளர். அவற்றில் பெரும்பகுதியில் அவர் அந்த வீட்டைப் பற்றி எதையும் முடிவுசெய்ய முடியாதவர். தன் பெயரில் பட்டா இருந்தும் ரசீது எங்கே இருக்கிறது என்று தெரியாத எத்தனையோ பெண்களுக்கு இந்த இடைவெளியை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. உரிமைக்கும் கட்டுப்பாட்டுக்கும் நடுவே உள்ள அந்த இடைவெளியை அளப்பதுதான் சொத்து ஆவணங்களைப் பெண்ணிய நோக்கில் வாசிப்பதன் பயன்.

கிடைத்த குரலும் கிடைக்காததும்

2020இல் கால்டர்டேல் ஆவணக்காப்பகத்தில் வாக்கரின் சொந்த நாட்குறிப்பு ஒன்றை டயேன் ஹால்ஃபர்ட் அடையாளம் கண்டார். 1834 ஜூன் முதல் 1835 பிப்ரவரி வரையிலான குறிப்புகள் அதில் உள்ளன. லிஸ்டருடன் பிரான்சுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் போன பயணம், ஊர் திரும்பல், ஷிப்டனில் தொடங்கிய வாழ்க்கை ஆகியவை அவரது சொற்களிலேயே கிடைத்திருக்கின்றன. தேடியவர்கள் பெரும்பாலும் ஆர்வத்தால் கூடிய வாசகர்கள். தொலைக்காட்சியில் பார்த்த பெண்ணின் பெயரைப் பட்டியல்களில் தேடத் தொடங்கியவர்கள், பத்திரங்களையும் பதிவேடுகளையும் படிக்கக் கற்றுக்கொண்டார்கள்.

அது காப்பகத்தில்தான் அவ்வளவு காலமும் இருந்தது. மறைத்துவைக்கப்படவில்லை. லிஸ்டரின் நாட்குறிப்புதான் மறைக்கப்பட்டது: 1890களில் சங்கேதத்தை உடைத்த ஜான் லிஸ்டர், எரித்துவிடுமாறு நண்பர் சொல்லியும் கேளாமல், அதைப் பலகைச் சுவருக்குப் பின்னால் வைத்தார் என்பது புகழ்பெற்ற கதை. வாக்கரின் குறிப்புகளை மறைக்க யாரும் சிரமப்படவில்லை. யாரும் தேடவில்லை, அதுவே போதுமானதாக இருந்தது. ஒரு பெண்ணை வரலாற்றிலிருந்து நீக்குவதற்கு எரிப்பது தேவையில்லை. அவளைப் பட்டியலில் யாரோ ஒருவரின் துணையாக மட்டும் குறித்துவைத்தால் போதும்.

எட்டு மாதக் குறிப்புகளைக் கொண்டு அவருடைய உண்மையான குரல் கிடைத்துவிட்டது என்று கொண்டாடுவதிலும் அவசரம் இருக்கிறது. 1843இல் அந்த அறைக்குள் என்ன நினைத்தார் என்பதை 1834ஆம் ஆண்டின் பயணக் குறிப்பு சொல்லாது. அந்த இடத்தைக் கற்பனையால் நிரப்பாமல், கதவைப் பெயர்த்தவரின் கடிதம், காப்பகத்தின் பெயர், உயிலின் நிபந்தனை, சகோதரியின் மணம் ஆகியவற்றை நாற்புறமும் நிறுத்தி, நடுவே உள்ள வெற்றிடத்தின் வடிவத்தைக் காட்டுவது விமர்சனத்தின் வேலை.

குரோ நெஸ்ட் பிறகு எலிசபெத்தின் மகனிடம் போய், விற்கப்பட்டது. ஆலை முதலாளி சர் டைட்டஸ் சால்ட் அந்த வீட்டில் வாழ்ந்து இறந்தார். நிலத்தை வைத்துத் தொடங்கிய குடும்பக் கதை நிலம் கைமாறியதோடு முடிகிறது. வாக்கர் அடக்கம் செய்யப்பட்ட லைட்க்ளிஃப் பழைய தேவாலயத்தில் இன்று கோபுரம் மட்டும் எஞ்சியிருக்கிறது. அவர் பெயர் பொறித்த பித்தளை நினைவுத் தகடும் பிழைத்திருக்கிறது. அந்தத் தகட்டைப் பார்க்கப் போகிறவர்கள் அங்கிருந்து பதிவகத்துக்கும் போக வேண்டும். அவர் இறந்த நாளைத் தகடு சொல்கிறது. அவர் எதற்கெல்லாம் கையெழுத்திட்டார் என்பது பதிவேடுகளில் இருக்கிறது.